பிரின்டர் தேடிய பெயர்

கறுத்த உடம்பு, ஓரத்தில் பயறு அளவுக்கு ஒரு நீல விளக்கு. அந்தப் பிரின்டரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது விளக்குதான். எங்கள் ரைஸ் மில் ஆபீசில் அது வந்து இறங்கிய அன்று மேனேஜரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் எதிரில் நின்றார். விளக்கு விட்டு விட்டு மின்னியது. மின்னுகிறவரை அது வைஃபையைத் தேடுகிறது, நின்று எரிந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்றார். கொஞ்ச நேரத்தில் நின்று எரிந்தது. அவர் தன் மேசையில் தட்டியது ஒயர் இல்லாமல் அங்கே தாளாக வந்து விழுந்தது. "முதலாளி, இனிமே ஒயர் தடுக்கி விழுந்தேன்னு என்னைத் திட்ட முடியாது" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் நெல் மூட்டை சுமந்த தோள் இது. அதே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சொந்த மில்லுக்குள் நுழைந்தேன். மில், அறுவடை மெஷின்கள், மில்லை ஒட்டி மாடி வீடு, எதுவும் யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. எத்தனையோ படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. தமிழில் என் பெயரை அழகாக எழுதுவேன். அதனால் மில் முகப்பில், டிராக்டர் நெற்றியில், அரிசிச் சாக்கில் எல்லாம் என் பெயர் தமிழில்தான் இருக்கும்.

மேனேஜரம்மா நாகூர் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல்களைக் கடைமடை என்போம். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, வழியில் இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் அங்கே போகும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் பி.காம். முடித்து என் மில்லுக்கு வந்தார். பேச்சில் உப்பு ஒரு கல் தூக்கலாகவே இருக்கும். லாரி டிரைவர் ஒருவர் தாமதமாக வந்து, "ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கம்மா" என்று தலையைச் சொறிந்தால், "அது என்ன உங்க மாமியார் வீட்டுக் கதவா? நீங்க வர்றப்பல்லாம் சாத்திடுறாங்க?" என்பார். டிரைவர்கள் எனக்குப் பயந்ததைவிட அவருக்குத்தான் பயந்தார்கள்.

மில்லுக்கு வைஃபை வந்தபோது பெட்டியை முன்னால் என் அறையில் மாட்டச் சொன்னேன். பணம் கட்டினவன் நான். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாமா? அவருடைய மேசையும் பிரின்டரும் தவிட்டு அறையைத் தாண்டிப் பின்கட்டில். அங்கே போய்ச் சேருவதற்குள் சிக்னல் களைத்துப் போகும். பாதித் தாளில் பிரின்டர் நின்றுவிடும். "பெட்டியைக் கொஞ்சம் நடுவுல மாட்டலாமே முதலாளி" என்று கேட்டார். "இருக்கிற இடத்துல இருக்கட்டும்மா" என்றேன். இன்னொரு முறையும் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் வைஃபைக்குப் புதுப் பெயர் வைத்ததும் அவர்தான். "என்ன பேரும்மா வெச்ச?" என்றேன். "இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவுல தெரியாத ஆளே இல்லாத பேரு, முதலாளி" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? போனில் அந்த இங்கிலீஷ் எழுத்தைக் காட்டி, காற்றில் கூட நம்ம பேருதான் ஓடுது என்று நெல் வியாபாரிகளிடம் சொல்வேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். மரியாதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

போன சம்பா அறுப்புக்கு முன்னால் காய்ச்சலில் படுத்த மேனேஜரம்மா எழுந்திருக்கவில்லை. போய் மாலை போட்டேன். காரியம் முடியும்வரை அவர்கள் வீட்டுக்கு வண்டி விட்டேன். மில்லை மூடவில்லை. அறுப்பு நேரத்தில் மூடினால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

அப்புறம் மஸ்கட்டிலிருந்து மகனும் மருமகளும் திரும்பி வந்தார்கள். ஆபீசை மருமகள் எடுத்துக்கொண்டாள். மெஷ் என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். வீட்டில் ஒரு பெட்டி, என் அறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, ஒரே பெயரில் எல்லா மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த முறை பெயரை நானே தட்டினேன், தமிழில், என் பெயரை. போன், டிவி, கேமரா எல்லாம் ஏறிக்கொண்டன. பிரின்டர் மட்டும் ஏறவில்லை. நீல விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

"பழசுப்பா. புதுசு வாங்கினா கடைக்காரர் இதை எடுத்துக்குவார். சாயங்காலம் ஆள் வருது" என்றான் மகன். நான் பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் அல்ல. முதல் டிராக்டரை விற்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேனேஜரம்மா இங்கே இருந்ததற்கு அந்த மேசையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை மகனிடம் சொல்லவில்லை. "ஓடுற மெஷினை எதுக்குடா கொடுக்கணும்?" என்று சத்தம் மட்டும் போட்டேன். "ஆள் வர்றதுக்குள்ள வைஃபை ஏறிடுச்சுன்னா இருக்கட்டும்" என்றான்.

மருமகள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பிரின்டரின் சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க பேரை இதுக்குப் படிக்கத் தெரியலை. கட்டம் கட்டமாக் காட்டுது. பழைய மெஷினு, இங்கிலீஷ் மட்டும்தான்" என்றாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. நல்ல ஜோடி."

"பழைய வைஃபையோட பேரையும் பாஸ்வேர்டையும் புதுசுக்கு அப்படியே கொடுத்துட்டா, தானா வந்து ஏறிக்கும் மாமா."

"கொடும்மா. அதுவும் என் பேருதானே."

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். "இல்ல மாமா. இது கடைமடையைத் தேடுது. கே, ஏ, டி, ஏ... கடைமடைன்னுதான் போட்டிருக்கு."

நெல் வியாபாரிகளின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். என் காசில் ஓடிய வைஃபை அது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தவர், மூன்றாம் முறை வாயால் கேட்காமல் பெயராக எழுதி வைத்துவிட்டார். அதை நானே ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. "அப்பா, கடை ஆள் வந்தாச்சு" என்று மகன் கூப்பிட்டான்.

"வேணும்னா மெஷினுக்கு மட்டும் தனியா அந்தப் பேரை வெச்சுடலாம் மாமா. உங்க பேரு வீட்டுக்கு இருக்கட்டும். ஆனா பிரின்ட் எடுக்கிறப்பல்லாம் போன்ல பேர் மாத்திக்கணும்" என்றாள் மருமகள்.

"என் பேரை எடுத்துடு" என்றேன்.

"எல்லாத்துக்குமா?"

"மில்லுல இருக்கு, சாக்குல இருக்கு. இங்க எதுக்கு?"

பழைய பாஸ்வேர்டு என் போனிலேயே கிடந்தது. பழைய பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் தட்டினாள். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. புதுப் பெட்டிகள் இரண்டு விதமான அலை விடுகின்றனவாம். இந்தப் பழைய மெஷினுக்குப் பிடிபடுவது வேகம் குறைந்தது மட்டும்தானாம். வேகமானதைக் கொஞ்ச நேரம் அடைத்துவைத்தாள். ஆற்று மதகை அடைத்து வாய்க்காலுக்குத் திருப்புகிற மாதிரிதான். மகன் கடை ஆளோடு உள்ளே வந்து நின்றபோது விளக்கு இன்னும் இரண்டு முறை மின்னி, நின்று எரிந்தது. மருமகள் ஒரு தாள் பிரின்ட் எடுத்தாள். பாதியில் நிற்காமல் முழுதாக வந்து விழுந்தது. கடை ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பின்கட்டுப் பெட்டி இப்போது மேனேஜரம்மாவின் மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. வீட்டிலும் மில்லிலும் சிக்னல் நன்றாக நிற்பது அங்கேதான். வருகிறவர்கள் வைஃபை பெயர் கேட்டால் கடைமடை என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கரண்ட் போய் வந்தால் நீல விளக்கு கொஞ்ச நேரம் மின்னும். நான் தவிட்டு அறை வாசலில் நின்று, அது நின்று எரிகிறவரை பார்த்துவிட்டுத்தான் என் அறைக்குப் போகிறேன்.