செட் ஆகும் வரை

விவாகரத்துக்குப் பிறகு விம்கோ நகரில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. வீட்டிலிருந்தபடியேதான் வேலை. மிக்ஸி, பசை டப்பா, கொசு மருந்து என்று எதற்காவது ஆங்கிலத்தில் வரும் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். சில நாட்கள் மாலை வரை வாயே திறக்க மாட்டேன். பால் பாக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும்.

போன வருடம் பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ரெசின் என்ற பிசினுக்கான குறிப்பு ஒன்று வந்தது. ஒரே பக்கம். அதில் 'செட்' என்ற வினைச்சொல் நான்கு இடங்களில் இருந்தது. 'உறையும் வரை' என்று எழுதினேன். "தயிரா மேடம்?" என்று கேட்டு, எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிப் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். 'கெட்டியாகும் வரை' என்று மாற்றலாமென்றால், அதே பக்கத்தில் 'ஹார்டன்' என்று இன்னொரு சொல்லும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே தமிழைப் போட்டால், படகை எப்போது தண்ணீரில் இறக்குவது என்பதே குழம்பிவிடும். அகராதியைப் புரட்டினேன். வைப்பது, சூரியன் மறைவது, எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, சிமென்ட் இறுகுவது என்று அந்தச் சின்னச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருந்தது.

படகு வேலை செய்பவர்களையே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலை பஸ் பிடித்துக் காத்திவாக்கம் போனேன். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"செட்டுன்னா செட்டுதான் மேடம். அதுக்கு இன்னா தமிழு?"

"அது எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்."

"சொன்னா புரியாது. இப்பத்தான் கலக்கப் போறேன், பாத்துக்கோ."

பெயின்ட் டப்பா ஒன்றில் ரெசினை ஊற்றி, அதோடு சேர்க்கும் மருந்தை அளந்து விட்டுக் கலக்கினார். விரிசலின் மேல் பைபர் துணியை வைத்து பிரஷ்ஷால் தடவினார். பிறகு இருவரும் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து டப்பாவைத் தொடச் சொன்னார். கொதிக்கும் டீ டம்ளரைப் போல அது சுட்டது.

"செட் ஆவசொல்லோ சூடு வரும்."

படகின் மேல் விரலை வைத்தேன், ஒட்டியது. இன்னும் சற்று நேரம் போனதும் ஒட்டவில்லை. நகத்தால் அழுத்தினால் மட்டும் தடம் விழுந்தது.

"இப்ப செட் ஆயிட்ச்சு. இனிமே வழியாது, நகராது. ஆனா உள்ள இன்னும் காயல. இப்பவே கடல்ல வுட்டா புட்டுக்கினு வந்துரும். ரெண்டு நாளாவது வெயில்ல கெடக்கணும்."

நோட்டில் குறித்துக்கொண்டேன். பிரஷ்ஷைக் கழுவியபடியே எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். விம்கோ நகர் என்றேன். தனியாக வந்து எட்டு மாதம் ஆகிறது என்பதையும் ஏனோ சொன்னேன்.

"ஏரியா செட் ஆயிட்ச்சா?"

யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான். வாராவாரம் போனில் என் தங்கையும் இதையேதான் கேட்பாள். உடனே ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அன்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் படகின் நிழலுக்கு நகர்த்திவிட்டு, "ஒக்காருமா" என்றார்.

வீட்டுக்கு வந்து, 'செட்' என்பதற்கு 'இறுகியதும்' என்றும் 'ஹார்டன்' என்பதற்கு 'முழுவதும் காய்ந்து கெட்டியான பிறகே' என்றும் எழுதினேன். ஏஜென்சி ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு மாதம் கழித்து அச்சாகி வந்த தாளில் என் 'இறுகியதும்' காணாமல் போய், நான்கு இடங்களிலும் 'செட் ஆனதும்' என்று இருந்தது. கோபம் வரவில்லை. படகுக்காரரிடம் காட்டினால் சிரிப்பார் என்று தோன்றியது. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படகு அங்கே இல்லை. அவரும் இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, பழவேற்காட்டில் வேலை வந்திருக்கிறது, திரும்பப் பத்து நாளாகும் என்றார். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வந்தா காட்றேன். எறா வாங்கினு போறியா? வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டுந்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, இரண்டு கை அள்ளிப் பையில் போட்டார். அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து இறாலை ஒவ்வொன்றாக உரித்தேன். ஒரு ஆளுக்கு அது நிறையவே. அவசரமும் எதுவும் இல்லை.