பாப்பாவுக்கு இளவெயில்

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறையே இல்லாத ஷூ கைக்கு வந்தால் எனக்கு நிம்மதி இருக்காது, இன்னொரு தடவை பார்ப்பேன். அந்தக் கண்ணோடுதான் கல்யாணம் செய்துகொண்டேன், அந்தக் கண்ணோடுதான் பிள்ளையும் பெற்றேன். என் மாமியார் மேல் நான் ஒட்டிய ஸ்டிக்கரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கணவருக்குக் காவலூரில், வானத்தைப் பார்க்கும் நிலையத்தில் மின்சார வேலை. இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். எங்கள் வாடகை வீட்டில் இருந்ததே இரண்டு அறைதான். அவர் படுக்கும் அறை ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும். காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக்கூடாது. கல்யாணமான புதிதில் நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்து வருவேன். குழந்தையை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்று கர்ப்பமாக இருக்கும்போதே கவலைப்பட்டேன்.

முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் போக வீடில்லை. நான் பத்தாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதனால் கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் மலையேறி வந்தார். நடவு நேரம். வயலை மாமனார் தலையில் கட்டிவிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு தகர டப்பாவுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். டப்பாவில் பால்சுறாக் கருவாடு, மலைப்பூண்டு, சுக்கு. எல்லாம் எனக்குப் பால் ஊறுவதற்காக. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புள்ள தூங்கினு கீறானா?" என்பதுதான். புள்ள என்றால் நிறைமாதமாக நின்ற நானோ என் வயிற்றிலிருந்ததோ இல்லை, அவருடைய மகன். அதை அன்றைக்கே மனதில் குறித்துவைத்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. கீழே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சட்டங்கள் ஆரம்பித்தன. நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. தலைக்குத் துணி கட்டாமல் இருக்கக் கூடாது. யார் பார்க்க வந்தாலும் குழந்தை பால் குடிப்பதைக் காட்டக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "பால் நல்லா வருதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அத்தை குறுக்கே பாய்ந்து, "அதெல்லாம் கேக்காதம்மா" என்று அவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சாமைக்காடு. அதைத் தாண்டினால் பலாமரத்தடியில் ஒரு மலைக்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் வாரம் ஒருமுறை நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் கொடுப்பாள். இடுப்பில் நாலு மாதப் பையன், கன்னம் இரண்டும் பன் மாதிரி. அவனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். என் பெண்ணின் கால்கள் குச்சியாக இருந்தன.

மூன்றாவது வாரம் நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். தொங்கு தராசில் துணித்தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டுப் பார்த்தவர் முகம் மாறியது.

"இன்னாம்மா, எடை ஏறவே இல்லியே? பால் பத்த..."

அவர் முடிக்கவில்லை. "அதெல்லாம் ஊத்தாட்டம் வருதுங்க. நீங்க வாங்க, ஒரு வாய் காப்பி சாப்டுங்க" என்று அத்தை அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் கட்டிலில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. போகும்போது நர்ஸம்மா என்னிடம், "ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் ஏறலன்னா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துனு போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அன்று முழுக்க விடவில்லை.

மறுநாள் காலையில் அது தொடங்கியது.

எட்டு மணிக்கு அத்தை குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கினார். "பாப்பாக்குக் கொஞ்சம் இளவெயில் காட்டிட்டு வர்றேன். காமால அண்டாது" என்றார். பின்வாசல் வழியாகப் போனவர் ஒன்பதரைக்குத்தான் வந்தார். ஒன்றரை மணி நேரம் வெயிலில் காட்ட இது என்ன குழந்தையா, வடகமா? கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் குழந்தை அவர் தோளில் கழுத்து தொங்க, அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தது. மதியம் பன்னிரண்டு வரை எழுந்திருக்கவே இல்லை. அதுவரை காலையில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியறியாத குழந்தை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வீடு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தது. என் கணவர் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தார். நான் மட்டும் குழந்தையின் மூக்கருகே அடிக்கடி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை பகலில் அழுதால் யாருக்குத் தூக்கம் கெடும்? மகனுக்கு. மகன் தூக்கம் கெட்டால் யாருக்குப் பொறுக்காது? அத்தைக்கு. ஷூவில் தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது ஒரு கஷ்டமா? குழந்தைக்கு எதையோ கொடுத்துத் தூங்கவைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு சாட்சிகள் தேட ஆரம்பித்தேன்.

சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. வெளியே போய்வந்த குழந்தையின் தலைமுடியில் விறகுப் புகை வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. வெயிலுக்கு ஏது புகை? கன்னத்தில் நான் வைத்தனுப்பும் கறுப்புப் பொட்டு தினமும் ஒரே பக்கமாகத் தேய்ந்து வந்தது. எனக்காகக் கொண்டுவந்த பால்சுறாவும் பூண்டும் கணக்கில்லாமல் குறைந்தன. எனக்குக் குழம்பில் நாலு துண்டு வரும், டப்பாவில் எட்டுத் துண்டு காணாமல் போகும். ஒருநாள் காலை அத்தை முந்தானைக்குள் சின்னத் தூக்குச்சட்டியை மறைத்து எடுத்துப்போனதையும் பார்த்தேன். மருமகளுக்குக் கொண்டுவந்ததை யார் வாயில் போடுகிறார்? கேட்டால் சண்டை வரும். கேட்காமல் விட்டால் என் தலை வெடிக்கும்.

அவர் குளிக்கப் போன சமயம் துணிப்பையைத் துழாவினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு புடவைக்கு நடுவில் ஒரு துணி முடிச்சு. அதில் வசம்பு, மாசிக்காய், ஒரு முழு ஜாதிக்காய். ஜாதிக்காயை உரசிக் கொடுத்தால் குழந்தை தூங்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸம்மா ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அப்போதே கையோடு எடுத்துப்போய் அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனாலும் கம்பெனிப் பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து ஜாதிக்காயைச் சுற்றி மெல்லிசாகக் கோடு போட்டுவைத்தேன். உரசினால் கோடு அழியும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

நாலு நாள் கழித்துப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. நியாயமானவளாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு ஜாதிக்காயை வேறெங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

கணவரிடம் சொன்னேன். "எங்கம்மாவா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நன்றாகத் தூங்குகிறவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

இரண்டு வாரம் முடிந்து நர்ஸம்மா வந்தார். தராசை மாட்டுவதற்கு முன்பே அவர் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாதிக்காய் இருக்கும் இடத்தையும் சொன்னேன். அவர் பையை வாங்கி முடிச்சை அவிழ்த்து வெளியே எடுத்தார். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றார்.

"இன்னாங்க இது? பச்சக் கொழந்தைக்கு இதெல்லாம் குடுப்பீங்களா? ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? வயசுல பெரியவங்க, உங்களுக்கே தெரிய வேணாம்?"

பக்கத்து வீட்டுக்காரியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை சண்டை போடுவார், அழுவார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "இனிமே எடுத்துனு போவல" என்று மட்டும் சொன்னார். தப்பு செய்தவர்தானே இப்படி ஒடுங்கி நிற்பார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு குழந்தையை எடை போட்டார்கள். நன்றாக ஏறியிருந்தது. "பரவால்லியே, தாய்ப்பால் வேலை செய்யுது" என்று நர்ஸம்மா என் தோளைத் தட்டினார். மாமியார் மருந்து கொடுத்தும்கூட என் பால் குழந்தையைக் காப்பாற்றிவிட்டது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தேன். ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மடி, தோள், தொட்டில் எதற்கும் அடங்கவில்லை. கணவர் எழுந்துவந்து சிவந்த கண்ணோடு நின்றார். மருந்துப் பழக்கம் விட்டுப்போகிற அழுகை இது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அத்தை எழுந்து வரவே இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வீறலுக்கும் அவர் கை மடியிலிருந்த புடவையைக் கசக்கியது. அன்று மாலை, "நாளன்னிக்கு பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் போய்ட்றேன்ம்மா" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை. நாற்பது முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மலையை மேகம் மூடி, தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்வாசலில் நின்றால் பலாமரம்கூடத் தெரியவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி விக்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் அத்தை பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தேன். முட்டை கொண்டுவரும் பெண். கையில் முட்டை இல்லை, இடுப்பில் பையனும் இல்லை. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை மார்பின் குறுக்கே அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வலியில் சுருங்கியிருந்தது.

"அக்கா, பாப்பாக்கு ஒடம்பு சரியில்லியா? மூணு நாளா பெரியம்மா கொண்டாரலியே."

"எங்கே கொண்டுவரலே?" என்றேன்.

"நம்ம வூட்டுக்குத்தான். எனக்குப் பால் கட்டிக்கினு கல்லாட்டம் ஆய்டுச்சு. எம்புள்ள ஒருத்தன் எவ்ளோதான் குடிப்பான்?"

அவள் கையை எடுத்தாள். ரவிக்கையின் முன்புறம் இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்திருந்தது. அது தூறல் நனைத்த ஈரம் இல்லை. உள்ளே என் குழந்தை விக்கிய சத்தம் கேட்டதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் பெரிதானது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பெரியம்மா சத்தியம் வாங்கினாங்க. பால் பத்தலன்னு தாய் காதுல வுழுந்தா இருக்கறதும் வத்திப்பூடுமாம். நான் சொல்லலக்கா, நீங்க கேக்கலக்கா."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விறகுப் புகை அவள் அடுப்பினுடையது. பொட்டு தேய்ந்தது அவள் மார்பில். பால்சுறா போனது அவள் வயிற்றுக்கு. நர்ஸம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனதும் பால் பத்தவில்லை என்ற வார்த்தை என் காதில் விழாமல் இருக்கத்தான். முதலில் எனக்கு வந்தது நன்றி இல்லை, பொறாமை. என் பெண் இன்னொருத்தியிடம் வயிறு நிறையக் குடித்துவிட்டு என்னிடம் தூங்க வந்திருக்கிறாள். அந்த எடைக்கு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அதன் பிறகுதான் வெட்கம் வந்தது. ஊர் பார்க்க அத்தை பழியை வாங்கிக்கொண்டு நின்றாரே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாரே. சொல்லியிருந்தால் எனக்குப் பால் வற்றிவிடும் என்று பயந்திருக்கிறார். அப்படியெல்லாம் வற்றாது என்று நர்ஸம்மாவே சொன்னாலும், அத்தைக்கு அந்த நம்பிக்கைதான் வேதவாக்கு.

அவர் முன்னால் போய் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அழுது காலில் விழ எனக்கு ஆசையாக இருந்தது. விழுந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். ஆனால் அவர் காப்பாற்றிய ரகசியம் உடைந்துபோயிருக்கும்.

"நீ வீட்டுக்குப் போ" என்று அவளிடம் மெல்லச் சொன்னேன். "அடுப்பை மூட்டிவை. குளிரா இருக்கு."

கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையைத் துண்டில் சுற்றினேன். முன்னறைக்குப் போய் அத்தையின் முன்னால் நின்றேன்.

"அத்தே, பாப்பாவுக்குக் கொஞ்சம் இளவெயில் காட்டிட்டு வாங்க."

அவர் நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெள்ளை மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை, தூறல் வலுத்துக் கூரையில் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் கையிலிருந்த புடவையைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து, குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

"இன்னிக்கு வெயிலு கொஞ்சம் ஜாஸ்தியா கீது" என்றார்.

அவர் சாமைக்காட்டுக்குள் மறையும்வரை வாசற்படிக்கு உள்ளேயே நின்று பார்த்தேன். பிறகு பையிலிருந்த புடவைகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன். அன்று சாயங்காலம் வரை என் மார்பையே சந்தேகப்பட்டு அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டேன். இருந்த கொஞ்சம் இருந்தது. வற்றவில்லை. ஒன்பதரைக்கு வந்த குழந்தையின் தலையை முகர்ந்து பார்த்தபோது விறகுப் புகை வாசனை அடித்தது, எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அத்தையின் மகன் தூங்கிக்கொண்டிருந்தார்.