மண்டபத்துக்குப் போகாத சனிக்கிழமை

இன்று மகளின் வகுப்புக்குப் போயிருந்தேன். பல நாடுகளின் தேசிய விடுமுறைகளை ஆராய்ந்த பிள்ளைகள், ஆளுக்கொரு புது விடுமுறையை உருவாக்கியிருந்தார்கள்.

என் மகளுடையது ‘மண்டபத்துக்குப் போகாத சனிக்கிழமை’. பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீடு என்று எதற்கும் போகாமல் குடும்பமாக வீட்டில் இருக்கவேண்டும். ஒரே விதி: அழைத்தவர்களிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லக்கூடாது.

வகுப்பே கைதட்டி அதைத் தெரிவுசெய்தது. வாற சனிக்கிழமையே எல்லாரும் கொண்டாடிப் படம் அனுப்பவேண்டும் என்றார் ஆசிரியை. மற்றப் பெற்றோருக்கு முன்னால் நானும் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் மகளிடம் கேட்டேன்: “அண்டைக்கு மச்சாளின்ரை மகளுக்குச் சாமத்தியவீடு எல்லோ?”

“ஓம் அம்மா. அதுக்காகத்தான் கண்டுபிடிச்சனான்.”

மச்சாள், நீங்கள் இந்தப் பதிவை வாசிப்பீர்கள் என்று தெரியும். எனக்குக் காய்ச்சல் இல்லை. வாறதோ விடுறதோ, மிச்சத்தை நீங்களே சொல்லுங்கோ.