புளி போட்டு விளக்கிய துப்பாக்கி

அப்பா போன பிறகு அவருடைய பழைய பட்டாளத்துத் துப்பாக்கியைச் சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தோம். வாரிசுகளில் யாராவது தன் பேருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கைகழுவிவிட வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. ஆபீஸ், பஸ், மறுபடி ஆபீஸ் என்று ஓடுகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு? பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவர் கேட்கிறார், உறுப்புகள் அசலாக இருந்தால் எடுத்துக்கொள்வார் என்று கடைக்காரர் போன் செய்தார். தானும் வருவதாக அம்மா கிளம்பிவிட்டாள். வழியில் தொப்பூர் மலை இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து, பாதி நாள் பஸ்ஸிலேயே போயிற்று.

எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில் மரவள்ளியைத் தோண்டித் தின்ன வந்த பன்றிகளைத் தான் ஒருவனே சுட்டு விரட்டியதாக அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் அந்தத் துப்பாக்கியாவது நிஜமாக இருக்க வேண்டும். மற்றபடி அவரை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துப்பாக்கியின் உடம்பில் ஓர் எண், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டில் வேறு எண். "போல்ட்டு வேற துப்பாக்கியோடதுங்க." முன்கட்டை உள்ளூர் ஆசாரி செதுக்கியது. தோளில் வைக்கும் அடிக்கட்டையின் பித்தளைத் தகடு வழவழவென்று இருந்தது.

"இங்க பட்டாளத்து முத்திரை இருந்திருக்கணுமே. யாருங்க இப்படித் தேச்சது?"

"நாந்தாங்க," என்றாள் அம்மா. "ஆயுத பூசைக்கு வருசா வருசம் புளியும் சாம்பலும் போட்டு வெளக்குவேன். பித்தளையாச்சே, பளபளன்னு இருக்க வேணாமா?"

இடது கையால் தேய்த்தும் காட்டினாள். சோறு தின்பதைத் தவிர அவளுக்கு எல்லாமே அந்தக் கைதான்.

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அடிக்கட்டையைத் தடவிக்கொண்டிருந்த கடைக்காரர், அதன் வலப்பக்கம் தேய்ந்திருந்த ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார்.

"கட்டை அசலுதாங்க. கன்னம் வெச்சு வெச்சுத் தேஞ்சிருக்குது. சோத்தாங்கை ஆளு சுட்டா இடப்பக்கமில்ல தேயும்? உங்கப்பா நொட்டாங்கைங்களா?"

"இல்லையே" என்றபடி அம்மாவைப் பார்த்தேன்.

"அந்த மனுசனுக்கு வெடிச்சத்தம்னாலே கை ஒதறும்," என்றாள். "வூட்டுக்குள்ள போர்த்திட்டுப் படுத்துக்குவாரு. கெழங்கு பூரா போயிட்டா நீங்கல்லாம் என்னத்தத் திங்கறது? அதான் ராவுல நானே போனேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவரு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. போவட்டும்னு வுட்டுட்டேன்."

பள்ளி நாட்களில் காலையில் சிவந்த கண்ணோடு எனக்குச் சோறு கட்டித் தருவாள். அடுப்புப் புகை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இவ்வளவு மாறியிருந்தால் அந்தப் பழம்பொருள்காரர் எடுக்கமாட்டார், போலீசில் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் துப்பாக்கியைத் துணியில் சுற்றப் போனார். களைப்பில் நானும் தலையாட்டினேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரிடம் கேட்டாள்.

"பொம்பளைங்க பேருக்கு லைசென்ஸ் குடுப்பாங்களாங்க?"