பதினொரு நாளும் காட்டுக்கு வந்தவர்

மோகனூர் பேருந்து நிறுத்தத்தில் இருந்த அந்தத் தட்டியைப் படிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. எழுபது தாண்டி எழுத்துக் கற்றவன் நான். கண்ணில் படும் பலகையையெல்லாம் படிக்காமல் நகர மாட்டேன். 'கண்ணீர் அஞ்சலி' சட்டென்று வந்துவிட்டது. 'ஓய்வு பெற்ற நிலவியலாளர்' என்பதில் திணறினேன். அதையும் வென்ற மகிழ்ச்சியில் அடுத்த வரிக்குப் போனேன். ஆரோக்கியமேரி என்று இருந்தது. யாரும் சொல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு, நான் அம்மா என்று கூப்பிட்ட அந்த அதிகாரியுடையது.

தட்டியின் அடியில், வருந்துபவர் என்று மேட்டுத்தோட்டத்தாரின் பெயர், கைகூப்பிய படத்தோடு. எங்கள் ஊர்க் கரட்டில், அந்தப் பாறைக் குன்றில், கல்குவாரி நடத்துபவர். அம்மாவின் பெயரைவிட அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அம்மாவோடு வேலை செய்தவர்களே, அதைப் படித்தபோது என் வாயில் ஊறிய கசப்பு உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா சேலம் டவுனில் பிறந்தவர், ஞாயிறு பூசை தவறாதவர். நிலத்தடி நீர் பார்க்கும் அலுவலகத்தில் இருந்தார். நான் அவருக்குக் கூலி ஆள். அவர் சொல்லும் இடத்தில் இரும்புக் கம்பியை அடித்து, ஒயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பி வழியாக மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, அடியில் இருப்பது வெடித்த பாறையா முழுப் பாறையா என்று கருவியில் பார்ப்பார். தூரம் காட்டும் கயிற்றில் எண் எழுதிய தகடுகள் தொங்கின. எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் தகடு மாற்றிக் கம்பி அடித்து, அரை நாள் வேலையைக் கெடுத்தேன். அம்மா திட்டவில்லை. மறுநாள் தன் பழைய புடவைகளைக் கிழித்துக்கொண்டுவந்து, தகட்டுக்கு ஒரு நிறமாகக் கயிற்றில் முடிந்துவிட்டார். "நான் மஞ்சள்னு கத்தினா மஞ்சள்ல அடிங்கண்ணா. தகட்டை மறந்துருங்க" என்றார்.

சுத்தியலோடு ஒரு பெண் கரட்டில் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? ஜல்லி உடைக்கும் பெண்கள் வழிமறித்தார்கள். "ஏனுங்கம்மா, கல்லொடைக்கறதுக்கா இத்தன படிப்பு?" அம்மா சிரித்தார். "நீங்க ஒடச்சு லாரியில ஏத்தறீங்க, நான் ஒடச்சுப் பையில போடறேன். என் பைதான் சின்னது." எந்தக் கல்லையும் உடைத்து உள்ளே பார்க்காமல் பெயர் எழுத மாட்டார். வெயில் பட்ட தோலைப் பார்த்து எழுதினால் பொய்யாகிவிடும் என்பார்.

குவாரியை இன்னும் ஆழப்படுத்த மேட்டுத்தோட்டத்தார் அனுமதி கேட்டிருந்தார். அதைப் பார்த்து அறிக்கை தர அம்மாவை அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் பதினொரு நாள் கரட்டடி விவசாயக் காடுகளில் நடந்தோம். கரட்டைச் சுற்றியிருந்த ஒவ்வொரு கிணற்றிலும் நாடா இறக்கித் தண்ணீர் மட்டம் அளந்தார். கரட்டு வெடிப்புகள் வழியாகத்தான் கிணறுகளுக்கு ஊற்று வருகிறது, கீழே தோண்டினால் அத்தனையும் குழிக்குள் வடிந்துவிடும், அனுமதி கூடாது என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து வேறொரு வேலைக்கு அதே பக்கம் போனோம். டீக்கடையில் மேட்டுத்தோட்டத்தார் ஒரு தாளை நீட்டினார். "ஊருக்குக் காவேரித் தண்ணி கொழா வருது செங்கோடா. ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போ." வைத்தேன். அம்மா எதிரே ஜீப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் அம்மாவைத் தெற்கே தூரத்துக்கு மாற்றினார்கள். அறிக்கை தள்ளுபடியானது. குவாரி ஆழமானது. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. மழை இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டது. காவேரிக் குழாயும் வரவில்லை.

அம்மா ஓய்வு பெற்ற பிறகு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அதே ஊர் அவரைக் கூப்பிட்டது. வந்தார். பழைய அறிக்கைக் கட்டைப் பிரித்து வரைபடத்தை விரித்தார். நான் அப்போதுதான் எழுத்தறிவு வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். பெருமை தாங்கவில்லை. "இப்ப நானும் படிப்பனுங்கம்மா. அந்தக் கட்டுல எதையாச்சும் குடுங்க" என்றேன். அம்மா கட்டின் கடைசியிலிருந்து ஒரு தாளை, அலுவலகம் அவருக்குக் கொடுத்த நகலை, உருவி நீட்டினார்.

ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நிலவியலாளர் இந்த ஊர்ப் பக்கம் வரவே இல்லை, அறையில் உட்கார்ந்தபடி அறிக்கை எழுதினார், உடன் வேலை செய்த நானே சாட்சி என்று இருந்தது. கீழே, செங்கோடன், இடது பெருவிரல் ரேகை. என் வாழ்நாளில் நான் முழுதாகப் படித்த முதல் தாள் அதுதான்.

கடைசி வரியிலிருந்து நான் மறுபடி முதல் வரிக்குப் போனதைப் பார்த்த பிறகே அம்மா கேட்டார். "அப்போ உங்களுக்குத் தெரியாதா?" இத்தனை வருடமும் நான் தெரிந்தே செய்தேன் என்று நினைத்திருக்கிறார். தெரியாது என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "எதுத்தாப்புல ஜீப்புலதானே இருந்தேன். கொண்டாந்து எங்கிட்டக் காட்டியிருக்கலாமேண்ணா."

தோட்டத்தார் நீட்டிய தாளை இன்னொருவரிடம் காட்டிக் கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். எங்கள் பக்கத்தில் கூலிக்காரன் அதைச் செய்ய மாட்டான். அம்மாவுக்கு அநியாயம் செய்வதைவிடத் தோட்டத்தாரைச் சந்தேகப்படுவது எனக்குப் பெரிய குற்றமாக இருந்திருக்கிறது.

அன்றும் அம்மா மஞ்சள், பச்சை என்று கத்தினார், நான் கம்பி அடித்தேன். அவர் காட்டிய இடத்தில் ரிக் வண்டி துளைத்தது. ஊர் இன்றும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

கிளம்பும்போது, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். தன் அறிக்கையின் பின்னால் அதையும் வைக்கச் சொல்லி அலுவலகத்துக்கு அனுப்புவாராம். எழுத்து நேராகட்டும் என்றேன். "சீக்கிரம் நேராக்குங்கண்ணா. எனக்கும் வயசாகுதில்ல?" என்று சிரித்தார். நான் இரண்டு வருடம் நேராக்கினேன். 'ண'வுக்குச் சுழி கூடிவிட்டது, 'ஞ' வளையவில்லை என்று தாள் தாளாகக் கிழித்தேன். எழுதுகிற சந்தோஷத்தில், யாருக்காக எழுதுகிறோம் என்பதை மறந்துபோனேன். பிறகு தட்டியில் அவர் பெயரைப் படித்தேன்.

அந்தக் கயிறு என்னிடம் இருக்கிறது. துணிகள் வெளுத்துவிட்டன. எது மஞ்சள், எது பச்சை என்று இனி நான் ஒருவன்தான் சொல்ல முடியும். கயிற்றை நான் வைத்துக்கொள்கிறேன். இந்தத் தாளை அவர் அலுவலகத்துக்கும் உங்களுக்கும் அனுப்புகிறேன். 'ண' இன்னும் சரியாக வரவில்லை.

அம்மா பதினொரு நாளும் காட்டுக்கு வந்தார். கயிறு பிடித்தவன் நான். இதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

செங்கோடன்