கெட்டிச் சாயா

ஒரு முதியவரைத் தாகத்தோடு சாகவிட்டவள் நான். அவருடைய மகளுக்கு இது இன்றுவரை தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன்...

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மட்டாஞ்சேரியில் சுக்கு மொத்த வியாபாரம் செய்த காதர் ராவுத்தர், பக்கவாதத்தோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். இருமினார். குரல் நனைந்து கரகரத்தது. தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே தண்ணீரோ சாயாவோ, மாவு கலந்து கூழ்போலக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அதுவரை நான் செய்தது சரி.

முதல் கோப்பையை அவர் தட்டிவிட்டார். என் வெள்ளைக் கோட்டெல்லாம் சாயா.

"இத நீ குடிச்சு நோக்கு" என்றார், நாக்குக் குழற. வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை... அற்பம்தான், இல்லையா?

வீட்டுக்குப் போன சில வாரங்களில் அவர் மகள் ரஹ்மத் போன் செய்தாள்.

"மேடம், தொழுகைக்கு வாய் கொப்பளிக்கிறப்ப அத்தா ஒரு மடக்குத் தண்ணி முழுங்கிட்டாங்க. இருமவே இல்ல. ஒண்ணு வந்து நோக்குவீங்களா? கெட்டிச் சாயா கொடுத்தா மொகத்தத் திருப்பிக்கிறாங்க."

விழுங்கும் திறன் திரும்பி வரலாம். இருமாமலே தண்ணீர் உள்ளே இறங்குவதும் உண்டு. ஆகவே நேரில் சோதித்தே தீர வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும்! சுள்ளிக்கலில் உள்ள என் வீட்டுக்கு நான் போகும் பேருந்து அவர்கள் தெருமுனையில்தான் நிற்கும். ஆனாலும் மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொன்னேன். குறுகலான மரப்படியில் அவரை இறக்க முடியாது என்றாள். அப்படியானால் இப்போதைக்குக் கெட்டியாகவே கொடுங்கள் என்றேன்.

வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்... அந்த மனிதர் முகத்தில் மறுபடி விழிக்க எனக்கு மனமில்லை.

அவள் மீண்டும் அழைத்தாள். நானும் மீண்டும் அதையே சொன்னேன்.

கடைசியில் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் கெட்ட நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். நாக்கு வெடித்திருந்தது. நினைவு சற்றுத் தெளிந்ததும் நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியில் வெறும் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். பிறகு கோப்பையில் கொடுத்தேன். இருமல் இல்லை, குரலும் மாறவில்லை. கோப்பையை எடுத்துவிடுவேனோ என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது? அடுத்த பேருந்து வருவதற்குள் முடித்திருக்கலாமே... இப்போது யார்மேல் கோபப்பட?

அந்த வாரம் முடியுமுன் இறந்துபோனார்.

வராந்தாவில் ரஹ்மத் என் கையைப் பற்றினாள்.

"நீங்க சொன்னத ஒரு நாளும் தப்பவிடல மேடம். பச்சத்தண்ணி கேட்டு அத்தா அழுதாங்க. அப்பவும் கொடுக்கல. நான் செஞ்சது சரிதானே?"

சரிதான் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.