கயிறு அறுந்த அத்தியாயம்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருஷ சர்வீஸ். வேலை முடிந்து வந்தால் கை கழுவுவார், டீ குடிப்பார், மர்ம நாவலோடு உட்கார்ந்துவிடுவார். லட்சக்கணக்கில் விற்கும் ஓர் எழுத்தாளர் என்றால் அத்தானுக்கு உயிர். அவருடைய பதின்மூன்று நாவலும் அலமாரியில் இருக்கின்றன. என்னைத் தொடக்கூட விடமாட்டார்.

பதினான்காவது வந்தது. பகலில் அக்கா படிப்பாள், மாலையில் அத்தான். முந்திப் போனவர் கதையைச் சொல்லக்கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சட்டம். அதை இந்தத் தடவை அத்தானே உடைத்தார்.

"லிஃப்ட் கயித்த ஒருத்தன் கத்தியால அறுக்கிறானாம். பெட்டி பதினோராவது மாடியிலேர்ந்து பொத்துனு விழுதாம். இந்த ஆளு ஜென்மத்துல ஒரு மெக்கானிக்கப் பாத்துப் பேசியிருக்க மாட்டாரு!"

அது இரும்புக் கயிறு. ஐந்து இருக்கும், ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கும். ஐந்தும் போனாலும் பெட்டிக்கு அடியிலுள்ள இரும்புத் தாடைகள் இரு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும். இதை அத்தான் எனக்கு மூன்று தடவை விளக்கினார். அவருக்குக் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். அப்படியானால் மற்ற பதின்மூன்றில் வந்த விஷமெல்லாம் நிஜமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த விஷங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் அக்கா அந்த அத்தியாயத்தைப் படித்தாள். அன்றிலிருந்து ஆறு மாடிக்கும் படிதான். முழங்கால் வலிக்காரி, காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறுகிறாள். எங்கள் குடியிருப்பு லிஃப்டைப் பராமரிப்பதே அத்தான். கட்டினவனை நம்பாமல் கதை எழுதினவனை நம்புகிறாளே என்று மனுஷர் நொந்துபோனார்.

மூன்றாம் நாள் அவளை மொட்டைமாடி மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன், இதன் முடிவு தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மோட்டாரை நிறுத்திவிட்டு, கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப சொல்லு. அந்தாளு எழுதினது பொய்தானே?"

"பொய்தான். நீங்க மொத நாள் சொன்னப்பவே நம்பிட்டேன்."

"அப்புறம் ஏம்மா படி ஏறுற?"

அக்கா கயிற்றைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள்.

"அதே அத்தியாயத்துல ஒரு மெக்கானிக் வர்றானே. பெட்டி மேல ஏறி நின்னு வேலை செய்யறப்ப யாரோ கீழ பட்டன அமுக்கிடறாங்க. நசுங்கிச் செத்துடறான். ரெண்டே வரி. அவனுக்கு ஒரு பேருகூட வைக்கல. பட்டனத் தொட்டாலே நீங்க மேல நிக்கிற மாதிரி இருக்குங்க. அதுவும் பொய்னு சொல்லுங்க, நாளைக்கே லிஃப்ட்ல வர்றேன்."

நாவல் முழுக்கத் தப்புத் தேடிய அத்தான், படிக்கும்போது அந்த இரண்டு வரியில் நின்றிருக்கவே இல்லை. துணியால் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"அத மட்டும் சரியா எழுதியிருக்காரு" என்றார்.